கால் உடைந்த கதைகள்

என் பெயரைக் கேட்பதற்கு முன்பே அவர் கேட்டது, "எப்படி சார் உடைஞ்சுது?" என்பதுதான்.

பெரிய காஞ்சிபுரத்தில் அது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அறைக்கு இரண்டு கட்டில். ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் அவர் முந்தின நாளே வந்து படுத்திருந்தார். முட்டிக்குக் கீழே அவருக்கு இடது கால், எனக்கு வலது கால். வீக்கம் வடிவதற்காக இரண்டையும் இரும்புச் சட்டத்தின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். வாசலில் நின்று பார்த்தால் இரண்டு பீரங்கிகள் குறிபார்ப்பது போல இருப்பதாக என் மனைவி சொன்னாள். ஒரு மனைவி அழ வேண்டிய நேரம் அது. அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

நான் ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். ஒரு பொருள் எப்போது நிற்கும், எப்போது சாயும் என்பதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியே தலை நரைத்தவன். கால் உடைந்த அன்று மாலை வீட்டு வாசலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டரின் மேல் உட்கார்ந்து, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்ட ஒரு பெண்ணுடன் போனில் பேசிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எப்போதுமே நேரம் பிடிக்கும். பேச்சுவாக்கில் காலிலிருந்து கழன்று விழுந்த செருப்பை எட்டி எடுக்கக் குனிந்தேன். வண்டியும் என்னோடு சேர்ந்து குனிந்தது. கால் அடியில் மாட்டி முறுக்கிக்கொண்டது. ஓடாத வண்டி. அதன் சாவிகூட வீட்டுக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் கண்ணை இமைக்காமல் கேட்டார். முடிந்ததும், இன்னும் ஏதோ வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

"இத்த வெளிய சொல்லாதீங்க சார்," என்றார். "இதுல ஒண்ணுமே இல்லயே."

பிறகு அவருடைய கதையைச் சொன்னார். அவர் முசரவாக்கத்துக்காரர். கொஞ்சம் நிலம் உண்டு. ஆனால் தொழில், பந்தல் போடுவதும் நாற்காலி வாடகைக்கு விடுவதும். ஒரு கோயில் விசேஷத்துக்காக உயரத்தில் ஏறி மூங்கில் கட்டிக்கொண்டிருந்தபோது சூறைக்காற்று வந்ததாம். கீழே பக்தர்கள். கையிலிருந்த மூங்கிலை விட்டால் யார் தலையிலாவது விழும். விடாமல் பிடித்துக்கொண்டே அவரும் விழுந்தாராம். "நான் எதுக்கு சார் பொய் சொல்லணும்? காத்து மட்டும் இல்லன்னா நான் இங்க எதுக்கு வரேன்?" எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்படிப்பட்டவரின் பக்கத்தில் படுத்திருக்க எனக்கு என்ன தகுதி என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் ஊசி போட வந்த நர்ஸிடம், தன்னை மாடு முட்டியதாகச் சொன்னார். அந்தப் பெண் வீட்டில் மாடு வைத்திருப்பவள். மாட்டின் கொம்பு எப்படி இருந்தது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றெல்லாம் இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். சாப்பாட்டு நேரத்தில் தரை துடைக்க வந்த அம்மாவிடம், பஸ் படிக்கட்டில் தொங்கிய ஒரு கிழவியைத் தாங்கிப் பிடிக்கப் போய் விழுந்ததாகச் சொன்னார். அந்த அம்மா தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். "இந்த டிரைவருங்களே அப்படித்தான்பா," என்று அவர் கட்டிலுக்கு அடியில் மட்டும் இரண்டு தடவை துடைத்தாள். கேட்கிறவர்கள் முகத்தைப் பார்த்து, அவர்களுக்கு எந்த அளவில் வேண்டுமோ அந்த அளவில் கதையைத் தைத்துக் கொடுப்பார். மீசைக்கு மட்டும் சாயம் போட்டவர், தலை வெள்ளை. மைக் பிடித்துப் பழகிய குரல். ஒவ்வொரு கதையின் தொடக்கத்திலும், "நான் எதுக்குப் பொய் சொல்லணும்?" என்பார். அதற்குப் பிறகு வருவது எல்லாம் பொய் என்று எனக்குப் புரிவதற்கு இரண்டு நாளானது. படித்தவனுக்குச் சில விஷயங்கள் மெதுவாகத்தான் ஏறும்.

அவர் மகனிடம் மட்டும் அவர் எந்தக் கதையும் சொல்லவில்லை. இருபத்தேழு இருபத்தெட்டு வயதிருக்கும். குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற அந்தச் சின்ன லாரியை ஓட்டுகிறவன். காலையும் மாலையும் டிபன் கேரியரோடு வருவான். தட்டில் போட்டுக் கொடுப்பான். தண்ணீர் ஊற்றுவான். அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு அந்த வீங்கிய காலையே பார்ப்பான். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு போய்விடுவான். அவ்வளவு பேசுகிற மனிதர் அந்த நேரத்தில் சோற்றைத் தவிர எதையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். இளம்பிள்ளைகள் இப்படித்தான், போனைத் தவிர யாரோடும் பேச மாட்டார்கள் என்று நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். எனக்கு முடிவுகள் சீக்கிரம் வந்துவிடும்.

டாக்டர் இளைஞர். தினமும் வந்து என் காலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்ப்பார். "தோல்ல சுருக்கம் விழட்டும் சார். வீங்கிப் பளபளன்னு இருக்கிற தோல்ல கை வைக்க முடியாது," என்பார். ஒரு நாள் இரண்டு பேருக்கும் சேர்த்து விளக்கினார்.

"முன்னெல்லாம் உடைஞ்ச இடத்த நீளமாத் திறந்து, எலும்ப நேராக் கண்ணால பார்த்துச் சேர்ப்போம். அப்படித் திறந்தா எலும்பச் சுத்தி இருக்கிற சதையும் ரத்த ஓட்டமும் கெடும். இப்ப அந்த இடத்தைத் தொடவே மாட்டோம். கணுக்கால்கிட்ட ஒரு சின்ன கீறல். அது வழியா பிளேட்டத் தோலுக்கு அடியிலேயே மேல தள்ளுவோம். எக்ஸ்ரே திரைல பார்த்துக்கிட்டே அங்கங்க சின்ன ஓட்டை போட்டு ஸ்க்ரூ முடுக்குவோம். மத்தத எலும்பு பார்த்துக்கும்."

"பாவாடைல நாடா கோக்குற மாதிரி," என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

டாக்டர் சிரித்தார். "கிட்டத்தட்ட. உங்களுக்கு வேற. நடு எலும்புல உடைஞ்சிருக்கு. முட்டிக்குக் கீழ கீறி, எலும்புக்கு உள்ள இருக்கிற குழாய்லயே ஒரு கம்பி. சர்க்கரை மட்டும் கொஞ்சம் இறங்கட்டும்."

"பெரிய தழும்பு வராதா?"

"வராது. ரெண்டு மூணு புள்ளிதான்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "கொஞ்சம் பெருசா கிழிங்க டாக்டர், பரவால்ல," என்றார். டாக்டர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார். ஊருக்குப் போய்ப் புள்ளிகளைக் காட்டி எந்தக் கதையைச் சொல்வது என்பது அவர் கவலை. எனக்கு வேறு கவலை. திரையில் பார்த்துக்கொண்டே என்று சொன்னாரே, நானும் பார்க்க வேண்டியிருக்குமோ?

என் மாணவர்கள் சனிக்கிழமை வந்தார்கள். ஏழெட்டுப் பேர், ஆப்பிள், ஹார்லிக்ஸ். எப்படி சார் ஆச்சு என்று ஒருவன் கேட்டான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். கால் தேறிப் போனதும் அதே பையன்களுக்கு ஈர்ப்பு மையம் நடத்த வேண்டியவன் நான். அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றது ஜன்னல் பக்கத்துக் குரல். "உங்க சார் சொல்ல மாட்டாரு. நான் எதுக்குப் பொய் சொல்லணும்? காமாட்சியம்மன் கோயில் தெருவுல ஒரு மாடு மிரண்டுக்கினு வருது. எதிர்ல யூனிபாரம் போட்ட சின்னப் பொண்ணு. ஜனம் மொத்தமும் போன்ல படம் புடிச்சிக்கினு நிக்குது. இவரு ஒருத்தருதான் குறுக்க பாஞ்சாரு."

"ஐயையோ, அதெல்லாம் இல்லை," என்றேன்.

"பாத்தீங்களா?" என்றார் அவர். "இப்படித்தான் சொல்லிக்கினு இருக்காரு."

நான் மறுக்க மறுக்க என் மதிப்பு உயர்ந்தது. ஸ்கூட்டர் என்று ஆரம்பித்தேன். அதைக்கூட விட்டுவிட்டு ஓடினீர்களா சார் என்று ஒரு பெண் கேட்டாள். சாயங்காலத்துக்குள் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் நான் மாட்டின் கொம்பைப் பிடித்திருந்தேன். திங்கள்கிழமை முதல்வர் சால்வையோடு வந்தார். படுத்திருப்பவனுக்குச் சால்வை எப்படிப் போர்த்துவது என்று தெரியாமல், என் கழுத்துவரை இழுத்துவிட்டுக் கைகூப்பினார். என்னைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. என் மனைவி வராந்தாவுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

முதல்வர் போன பிறகு பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக் கோபமாகக் கேட்டேன். "எதுக்குங்க இப்படி?"

"உங்களுக்கு மூஞ்சி கறுத்துப்போச்சு சார். பாத்துக்கினு சும்மா இருக்கச் சொல்றீங்களா?" என்றார். உண்மையிலேயே அவருக்கு என் கோபம் விளங்கவில்லை. குளிரில் நடுங்குகிறவனுக்குத் துண்டைக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கியவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் எனக்கு ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். எனக்கும் என் காலுக்கும் நடுவில் ஒரு பச்சைத் துணி கட்டினார்கள். மாட்டைத் தடுத்தவர் இவர்தானாம் என்று மயக்க மருந்து டாக்டர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. துணிக்கு அந்தப் பக்கம் தச்சுப் பட்டறைச் சத்தம். ஓரமாக இருந்த திரையில் சாம்பல் நிறத்தில் என் எலும்பு தெரிந்தது. அதன் ஓரமாக ஒரு கறுப்புப் பட்டை மெல்ல மெல்ல மேலே ஏறியது. கண்ணை மூடிக்கொண்டேன். பயத்தில் நான் முறுக்கு விசை பற்றி ஒரு முழு வகுப்பு எடுத்ததாகவும், ஸ்க்ரூவை எந்தப் பக்கம் முடுக்க வேண்டும் என்று டாக்டருக்குச் சொல்லிக்கொடுத்ததாகவும் நர்ஸ் பிறகு சொன்னாள். டாக்டர் அதை யாரிடமும் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

கட்டைப் பிரித்து மருந்து போட்டபோது பார்த்தேன். கணுக்காலுக்கு உள்பக்கம் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு தையல். மேலே அங்கங்கே பொட்டு வைத்தது போல மூன்று. இவ்வளவுதானா சார் என்று பார்க்க வந்த ஒரு மாணவன் கேட்டேவிட்டான். மாட்டுக்கு அது போதவில்லை.

அவருடைய சர்க்கரை இறங்கி, அவரையும் ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனது அதற்கடுத்த நாள் காலை. அவர் மகன் காலியான கட்டிலின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். என் மனைவி காபி வாங்கப் போயிருந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று, எனக்குச் செய்த அதே டாக்டர்தான், ஒன்றும் ஆகாது, சின்ன ஓட்டைதான் என்றேன்.

"சார், உங்ககிட்ட எப்படி உடைஞ்சுதுன்னு சொன்னாரு?"

"பந்தலிலிருந்து விழுந்ததாக. மாடும் கேள்விப்பட்டேன்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான்தான் சார் இழுத்துத் தள்ளுனேன்."

மீதியையும் அவனே சொன்னான். வாலாஜாபாத் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து, இரண்டு பேருக்கும் பிடித்து, நிச்சயம் வரைக்கும் வந்திருந்தது. பெண் வீட்டில் பேசப் போனபோது, மகன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இன்ஜினீயர் என்று இவர் சொல்லியிருக்கிறார். அவன் பன்னிரண்டாவதோடு நிறுத்தியவன். அப்பா இப்படிச் சொன்னது அவனுக்கே தெரியாது. பெண்ணின் மாமா ஒருவர் அந்தப் பக்கம் வேலை செய்கிறவர், விசாரித்துவிட்டார். நிச்சயத்துக்காகத் தங்கள் நாற்காலிகளையே வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, வர வேண்டாம் என்று போன் வந்தது.

"வண்டில அடுக்குன சேர் மேல நின்னுக்கினு இருந்தாரு சார். ஏன் நைனா இப்படிச் சொன்னேன்னு கேட்டேன். அப்பவும் ஒரு கதைய ஆரம்பிச்சாரு. நான் சொல்லல, புரோக்கருதான் சொன்னான், நான் எதுக்குப் பொய் சொல்லணும்னாரு. கையப் புடிச்சி இழுத்துட்டேன். வண்டி டோர்ல கால் மாட்டிக்கிச்சு. சத்தம் கேட்டுது சார், எனக்கு."

ஆபரேஷன் அறைப் பக்கம் ஏதோ கதவு திறந்து மூடியது. அவன் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"விழுந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை என்னைச் சொல்லல. வண்டில தூக்கிப் போட்டு ஓட்டிக்கினு வரேன், வழியெல்லாம் கத்துறாரு. ஆஸ்பத்திரி வாசல்ல டாக்டர் கேட்டதும் கத்தறத நிறுத்திட்டு, பந்தல்லேர்ந்து விழுந்தேன்னாரு."

கம்பி நன்றாக உட்கார்ந்துவிட்டதாக டாக்டர் மதியம் சொன்னார். அரை மயக்கத்தில் திரும்பி வந்த அவர், தள்ளிக்கொண்டு வந்தவரிடம் ஒரு தேங்காய் மரத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏட்டு வந்தது மறுநாள் காலை. அதற்கும் அவர் கதைகள்தான் காரணம். டாக்டர் எழுதிய காரணம் ஒன்று, நர்ஸ் கேட்டது ஒன்று, ஊரில் பேசிக்கொள்வது வேறொன்று. சந்தேகம் வந்தால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஏட்டு வயதானவர், பொறுமையானவர். ஸ்டூலில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

"பெரியவரே, பந்தல்னு சொல்லி இருக்கீங்க. மாடுன்னு சொல்லி இருக்கீங்க. பஸ்ஸுன்னும் ஒண்ணு இருக்குது. உங்க ஊர்ல, பையன்தான் தள்ளிட்டான்னு பேசிக்கிறாங்க. எது நெசம்?"

"அய்யா, நான் எதுக்குப் பொய் சொல்லணும்?" என்று ஆரம்பித்தார். அப்புறம் நிறுத்திவிட்டார். அத்தனை நாளில் அவர் வாய் வறண்டு நான் பார்த்தது அப்போதுதான். அவர் கண் கதவுப் பக்கம் போனது. அங்கே மகன் கேரியரோடு நின்றான். அவன் கேரியரைக் கீழே வைத்தான். வைத்த விதத்திலேயே அவன் என்ன சொல்லப்போகிறான் என்று தெரிந்துவிட்டது.

"சார், நான்..." என்றான்.

"நான் சொல்கிறேன்," என்றேன் நான்.

ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. மாட்டைத் தடுத்தவன் என்று இத்தனை நாளாக எல்லோரும் சொன்னதில் எனக்கே கொஞ்சம் ஏறிவிட்டதோ என்னவோ. ஏட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் அந்த வாத்தியாரா? சொல்லுங்க சார்."

வாயைத் திறந்த பிறகுதான் என்னிடம் கதை எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. பொய் சொல்வதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். எனக்கு உள்ளும் புறமும் தெரிந்த விபத்து இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதையே சொன்னேன்.

"வண்டிமேல் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நின்ற வண்டி. செருப்பு விழுந்திருக்கிறது. அதை எடுக்கக் குனிந்திருக்கிறார். வண்டி சாய்ந்துவிட்டது. வெளியில் சொல்ல வெட்கம். அதனால்தான் ஆளுக்கொரு கதை சொல்கிறார். என்னிடம் மட்டும் சொன்னார்."

"நின்ன வண்டியா?"

"ஸ்டாண்டு போட்டு நின்ற வண்டி. சாவிகூட வீட்டுக்குள்தான் இருந்தது."

ஏட்டு தோள் குலுங்கச் சிரித்தார். இவ்வளவு மட்டமான ஒன்றை யாராவது இட்டுக்கட்டுவார்களா என்ற நம்பிக்கை அந்தச் சிரிப்பில் இருந்தது. கட்டில் பக்கம் திரும்பி, "ஆமாவா பெரியவரே?" என்றார்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. நன்றியும் வெறுப்பும் அதில் சரிபாதி. சூறைக்காற்றில் விழுந்தவர் அவர். கூரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க," என்றார். அவர் சொல்லி நான் கேட்ட மிகச் சின்னக் கதை அது.

"ஒரு ரூம்ல மாட்டத் தடுத்த மனுசன். பக்கத்துலயே இப்படி ஒருத்தரு," என்று சொல்லிக்கொண்டே ஏட்டு எழுந்து போனார்.

எதையோ சாதித்த களைப்போடு நான் தலையணையில் சாய்ந்தேன். பாராட்டு எந்தக் கட்டிலிலிருந்து முதலில் வரும் என்று காத்திருந்தேன்.

"நின்ன வண்டிலேர்ந்து விழுந்தேன்னா எவன் சார் என்னைப் பந்தல் போடக் கூப்புடுவான்?" என்றார் அவர். "வேற எதுவும் தோணலியா உங்களுக்கு?"

மகன் கேரியரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். சோற்றைப் போட்டான். தண்ணீர் வைத்தான். வெளியே போகும்போது என் கட்டிலின் பக்கத்தில் நின்று, தணிந்த குரலில் கேட்டான். "நீங்க ஏன் சார் சொன்னீங்க? நான் சொல்லிடலாம்னு வந்தேன். எத்தினி நாள் நான் இத்த வச்சிக்கினு இருக்கிறது?"

அவனைக் காப்பாற்றிவிட்டதாக நான் நினைத்திருந்தேன். அவன் முகம், திறக்கப்போன கதவை யாரோ வெளியிலிருந்து சாத்திவிட்டது போல இருந்தது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

இரண்டு நாளில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கம்பி போட்ட கால் என்பதால் வாக்கர் பிடித்துக் காலை ஊன்றியே நடந்து போனார். பிளேட் போட்டவன் ஊன்றக்கூடாது என்பதால் நான் ஒற்றைக் காலில் கொக்கு போல நின்று வழியனுப்பினேன். வாசலில் செக்யூரிட்டியிடம் அவர் புதிதாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. குரல் முன்பு போல ஏறவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, எக்ஸ்ரே எடுத்துக் காட்டுவதற்காகப் போனபோது மறுபடி பார்த்தேன். அவர் கைத்தடியோடு வந்திருந்தார். நான் இன்னும் வாக்கரில். "இன்னா சார், மாட்டு டாக்டருகிட்ட காட்டுனீங்களா?" என்று கேட்டுவிட்டு எக்ஸ்ரே அறைக்குள் போனார். மகன் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவனைப் பார்த்ததும் எனக்குள் கூசியது. அவனே பேசினான்.

"போன வாரம் பொண்ணு வீட்டுக்குப் போனோம் சார். நான்தான் கூட்டிக்கினு போனேன். கல்யாணத்துக்கு இல்ல. நெசத்தச் சொல்லிட்டு வந்துடலாம்னு."

"உங்க அப்பா ஒத்துக்கிட்டாரா?"

"வண்டில ஏறி உக்காந்துக்கினாரு. அங்க போனதும் அவரே எல்லாத்தயும் சொன்னாரு. பையன் பன்னெண்டாவதுதான், குட்டியானை ஓட்டுறான், இன்ஜினீயருன்னு சொன்னது நானு, அவனுக்குத் தெரியாதுன்னாரு. அதோட விடல. அந்தக் கோவத்துல அவன் இழுத்துத்தான் என் கால் உடைஞ்சுது, தப்பு எம்மேலன்னாரு. ஒரு வார்த்தை கூட்டல, கொறைக்கல. நான் அப்படி அவரு பேசிக் கேட்டதே இல்ல சார்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"பொண்ணோட அப்பா சிரிச்சாரு. இப்ப இன்னா புதுக் கதை, பெத்த புள்ள கால உடைப்பானா, எங்க மனசு எளகணும்னு இப்படிச் சொல்றீங்களான்னாரு. நம்பல சார். காப்பி குடுத்து அனுப்பிட்டாங்க." எக்ஸ்ரே அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பொண்ணு கதவுகிட்ட நின்னுக்கினு இருந்துது. அது மட்டும் சிரிக்கல."

எக்ஸ்ரே அறையின் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே அவர் குரல் கேட்கவில்லை.

"திரும்பி வரும்போது நைனா ஒரு வார்த்தை பேசல சார். ஜன்னலப் பாத்துக்கினே வந்தாரு. வண்டில அவரு பேசாம வந்து நான் பாத்ததே இல்ல. எனக்குத் தாங்கல. ஓரமா நிறுத்திட்டேன். ஏதாவது சொல்லிக்கினு வா நைனான்னேன். இன்னாத்தச் சொல்றதுன்னாரு. எது வேணா சொல்லு, பொய்யா இருந்தாலும் பரவால்லன்னேன்."

"சொன்னாரா?"

"ஜன்னல் கண்ணாடிய ஏத்திட்டு என் பக்கம் திரும்பி, நீ பொறந்த அன்னிக்கு ஊர்ல இன்னா மழை தெரியுமா, ஏரி ஒடஞ்சிக்கினு போச்சுன்னு ஆரம்பிச்சாரு." அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"நான் பொறந்தது சித்திரை மாசம் சார்."